வி.ஆர். ஹெட்செட்டின் பட்டி உடைந்தால்: தைப்பதா, ஒட்டுவதா, புதிதாக வாங்குவதா?

கண்களை மூடித் தலையில் அணியும் வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட்டின் தலைப்பட்டி உடைந்தவுடன் எங்கள் வீடுகளில் முதலில் தேடப்படுவது சுப்பர் க்ளூ. அதன் மூடியைத் திறப்பதற்கு முன்னால், உடைந்தது எது என்பதை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இழுபடும் துணி அறுந்திருக்கிறதா? தலையைச் சுற்றி வரும் கெட்டியான பிளாஸ்டிக் வெடித்திருக்கிறதா? அல்லது பட்டி வந்து மாட்டும் இடம், அதாவது ஹெட்செட்டின் சொந்தக் கை, உடைந்திருக்கிறதா? இந்த மூன்றுக்கும் வழிகள் வேறு வேறு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணியென்றால் தையுங்கள். கெட்டிப் பட்டியென்றால் உலோகத் தகடு வைத்துத் திருகாணி போடுங்கள். அது முடியாவிட்டால் துணிப் பட்டிக்கு மாறுங்கள். ஹெட்செட்டின் சொந்தக் கையென்றால் வீட்டில் தொடாதீர்கள். பசையை மட்டும் நம்புவது இந்த மூன்றில் எதற்கும் சரிவராது.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எடை. மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 2 ஹெட்செட்டின் எடை 503 கிராம், குவெஸ்ட் 3 இன் எடை 515 கிராம். 2019 இல் வந்த முதல் குவெஸ்ட் இன்னும் கனம், 571 கிராம். அரைக் கிலோவுக்கும் கூடிய ஒரு பொருள் முகத்துக்கு முன்னால் துருத்திக்கொண்டு நிற்க, அதைப் பின்னால் இழுத்துப் பிடிப்பது பட்டி மட்டுமே. அணிந்தவர் கையை வீசுகிறார், குனிகிறார், சடாரென்று திரும்புகிறார். அந்த நேரத்தில் பட்டி விட்டால் ஹெட்செட் விழுவது டைல்ஸ் அல்லது சீமெந்துத் தரையில். வில்லைகளில் கீறல் விழுந்தால் அதைத் திருத்தும் வழி எனக்குத் தெரிந்து இல்லை. அணிந்திருப்பவருக்கோ எதிரே இருக்கும் மேசையும் தெரியாது, சுவரும் தெரியாது.

பட்டி உடைவது பெரும்பாலும் அணிந்தவரின் குற்றம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஒக்டோபரில் குவெஸ்ட் 2 வந்தபோது அதனுடன் தனியாக 49 டொலருக்கு விற்கப்பட்ட கெட்டிப் பட்டி வெடிக்கிறது என்று பலர் முறையிட்டார்கள். நிறுவனமே அதன் விற்பனையைச் சில காலம் நிறுத்தி வைத்தது. மெல்லிய பிளாஸ்டிக்கை ஒவ்வொரு முறையும் அகல விரித்துத் தலையில் மாட்டினால், வளைவு கூடிய இடத்தில் நாளடைவில் மயிரிழை போன்ற ஒரு கோடு விழும். எங்கள் ஊரில் அதற்கு இரண்டு துணைக் காரணங்களும் உண்டு. ஒன்று வியர்வை. மற்றது தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய். அழுத்தத்தில் இருக்கும் சில வகைப் பிளாஸ்டிக்குகள் எண்ணெய் பட்டால் மெல்ல மெல்ல வெடிப்பு விடும். இலாஸ்டிக்கின் உள்ளே இருக்கும் இறப்பர் இழையையும் எண்ணெய் ஊதிப் பெருக்க வைத்துத் தளர்த்திவிடும். குளித்து எண்ணெய் வைத்த கையோடு ஹெட்செட்டை மாட்டும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

துணிப் பட்டி அறுந்தால்

ஹெட்செட்டோடு பெட்டியில் வரும் பட்டி பெரும்பாலும் இலாஸ்டிக் துணிதான். அது அறுவது மூன்று விதமாக: தையல் விடும், இலாஸ்டிக் தளரும், அல்லது வெல்க்ரோ பிடிக்காமல் போகும்.

கடைசியில் சொன்னதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் பல வேளைகளில் அது உடைவே அல்ல. வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தில் தலைமுடியும் நூலும் தூசும் சிக்கி நிறைந்திருக்கும். ஓர் ஊசியாலோ ஈர்கொல்லிச் சீப்பாலோ அவற்றைக் கிளறி எடுத்தால் பழைய பிடி திரும்பிவிடும். அப்படியும் பிடிக்காவிட்டால் புதிய வெல்க்ரோ வாங்குங்கள். ஆனால் பின்னால் பசை தடவிய வகையை வாங்காதீர்கள். தலைச் சூட்டிலும் வியர்வையிலும் அந்தப் பசை வழிந்து நகரும். பிறகு தைக்கப் போனால் ஊசியில் ஒட்டிக்கொள்ளும். தைப்பதற்கென்றே விற்கும் வெல்க்ரோவைக் கொழும்புப் புறக்கோட்டையில் தையல் சாமான் விற்கும் கடைகளில் வெட்டி வாங்கலாம்.

இலாஸ்டிக் தளர்ந்திருந்தால் அதைச் சுருக்கித் தைப்பது தற்காலிக வேலை. தளர்ந்த இலாஸ்டிக் மேலும் தளரும். அதே அகலத்தில் புதிதாக அரை யார் வாங்குவது நல்லது. கடையில் கேட்கும்போது கையால் இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது அகலம் குறுகினால் அது பின்னல் இலாஸ்டிக்; பாவாடை இடுப்புக்குப் போதும், இதற்குப் போதாது. இழுத்தாலும் அகலம் மாறாமல் நிற்பது நெய்த இலாஸ்டிக். அதுதான் பாரம் தாங்கும்.

இனித் தையல். அறுந்த இரண்டு முனைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைப்பது நிற்காது. இரண்டரை அல்லது மூன்று சென்ரிமீற்றர் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, சதுரமாக ஒரு சுற்றுத் தைத்து, அந்தச் சதுரத்தின் உள்ளே மூலைக்கு மூலை குறுக்காகத் தைக்க வேண்டும். பாடசாலைப் பையின் தோள்பட்டி பையில் சேரும் இடத்தைப் பார்த்தால் அதே தையல் இருக்கும். இழுவை ஒரு கோட்டில் விழாமல் சதுரம் முழுவதும் பரவுவதுதான் அதன் பலம். நெருக்கமாகப் பல வரிகள் ஓட்டினால் கூடுதல் பலம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஊசித் துளைகள் கூடக் கூடத் துணி அந்தக் கோட்டிலேயே கிழியும். நூல் பொலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் வியர்வையில் நைந்துவிடும்.

யாரிடம் தைப்பது என்பதில்தான் உண்மையான தெரிவு இருக்கிறது. வீட்டில் கையால் தைக்கலாம்: ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் நூலை எதிரெதிராகச் செலுத்தும் தையல் மிக உறுதியானது. ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். விரல் நோகும், ஆனாலும் ஒரு மாலைப் பொழுதில் முடியும் வேலை அது. தையல் இயந்திரம் வைத்திருப்பவர் ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருவார். வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய குறுக்குத் தெருக்களில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. தடித்த இடமென்றால், அதாவது நாடாவும் இலாஸ்டிக்கும் உள்மெத்தையும் ஒன்றாகச் சேரும் இடமென்றால், வீட்டு இயந்திரத்தின் ஊசி தடுமாறும். அதற்குப் புறக்கோட்டை நடைபாதையில் அமர்ந்திருக்கும் செருப்புத் தைப்பவரே பொருத்தமானவர். அவருடைய குத்தூசியும் மெழுகு பூசிய நூலும் தோலையே துளைப்பவை. எனக்குக் கேட்டால், துணி வேலையில் முதலிடம் அவருக்குத்தான். தையல் அழகாக இருக்காது, விடவும் விடாது.

பட்டியைக் கழற்றி, பட்டியை மட்டும் கொண்டுபோங்கள். ஹெட்செட்டைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

பசை இங்கே ஏன் வேண்டாம் என்பதை எனக்கு விளக்கியவர் ஒரு தையல்காரர். பக்கத்து வீட்டுப் பையனின் பட்டியை அவரிடம் கொண்டுபோனபோது, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதில் பசை ஊற்றியிருக்கிறார்களே. இது இனித் துணியில்லை, தகரம். ஊசி உடையும்” என்றார். “அந்தத் துண்டை வெட்டிவிடலாமா ஐயா?” என்று கேட்டேன். வெட்டி, இரண்டு அங்குலம் புதிய இலாஸ்டிக் சேர்த்துத்தான் தைத்துத் தந்தார். சுப்பர் க்ளூ துணிக்குள் ஊறி இறுகியதும் வளையும் தன்மை போய்விடுகிறது. இறுகிய பகுதியும் இறுகாத பகுதியும் சேரும் ஓரத்தில் அடுத்த கிழிசல் விழும். இன்னோர் ஆபத்தும் உண்டு: அந்தப் பசை பருத்தியில் பட்டால் வேதிவினையால் சட்டென்று சூடேறும், தோலைச் சுடும் அளவுக்கு. பிள்ளைகள் தாமாகச் செய்யும் வேலை இதுவென்றால் இதைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள்.

கெட்டிப் பட்டி வெடித்தால்

இங்கேதான் தெரிவுகள் அதிகம், மயக்கமும் அதிகம். பின்னால் திருகும் குமிழ் வைத்த பட்டிகள் குமிழுக்கு அருகிலோ, பக்கவாட்டில் ஒடுங்கி வளையும் இடத்திலோதான் வெடிக்கும்.

சுப்பர் க்ளூவால் ஒட்டிப் பார்ப்பது மலிவான வழி. முதல் நாள் அது வெற்றி போலவே தெரியும். அந்தப் பசை நேரான இழுப்பைத் தாங்கும். வளைப்பையும் உரித்தெடுக்கும் இழுப்பையும் தாங்காது. பட்டியின் வேலையோ வளைவதுதான். அத்தோடு, அது இறுகும்போது எழும் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அருகிலிருக்கும் பரப்புகளில் வெள்ளைப் படலமாகப் படியும். ஈரப்பதன் கூடிய கொழும்புக் காற்றில் அது இன்னும் எளிதாக நடக்கும். அந்தப் படலம் வில்லையில் படிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டத்தான் போகிறீர்கள் என்றால், ஹெட்செட்டை வேறு அறையில் வைத்துவிட்டு ஒட்டுங்கள்.

அசிற்றோனால் உருக்கி ஒட்டும் முறை ஒன்றும் பேசப்படுகிறது. நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அதே திரவம். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் இது அருமையாக வேலை செய்யும். இரு விளிம்புகளும் கரைந்து ஒன்றாகிவிடும். பொலிகாபனேற்று வகையிலோ அசிற்றோன் பட்டவுடன் புதிய வெடிப்புகள் கிளம்பும். பட்டியின் உட்பக்கத்தில் பிளாஸ்டிக்கின் பெயர் பொறித்திருந்தால் பார்த்துக்கொள்ளலாம். பல பட்டிகள் இரண்டும் கலந்த பிளாஸ்டிக்கில் ஆனவை. பெயர் தெரியாத பிளாஸ்டிக்கில் நான் அசிற்றோனைத் தொட விடமாட்டேன்.

நான் முதலில் பரிந்துரைப்பது தகடு வைத்துக் கட்டும் முறை. எலும்பு முறிவுக்கு மட்டை வைப்பது போலத்தான். புத்தகக் கடையில் கிடைக்கும் 15 சென்ரிமீற்றர் அலுமினிய அடிமட்டம் ஒன்று போதும். வெட்டவும் வளைக்கவும் துளைக்கவும் எளிது. முதலில் வெடிப்பு முடியும் நுனியில் மிகச் சிறிய துளை ஒன்று இடுங்கள். கூர்மையான நுனியில் குவியும் அழுத்தம் வட்டத் துளையின் ஓரமெங்கும் பரவிவிடுவதால் வெடிப்பு மேலே ஓடாது. பிறகு வெடிப்பின் இரு பக்கமும் மூன்று சென்ரிமீற்றர் நீளும்படி தகட்டை வெட்டி, பட்டியின் வளைவுக்கு ஏற்ப மெல்ல வளைத்து, இரு பரப்புகளையும் அரத்தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, இரண்டு குழாய்களில் வரும் எப்பொக்சிப் பசையைத் தடவி வையுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். மெதுவாக இறுகும் வகைக்கே பலம் அதிகம். அது முழுப் பலம் பெற ஒரு நாள் விடுங்கள். அதன் பிறகு வெடிப்பின் இரு பக்கமும் இவ்விரண்டாக 3 மில்லிமீற்றர் திருகாணிகள். தகட்டை வெளிப்பக்கம் வைத்து, திருகாணியின் தட்டையான தலை உள்ளே, நட் வெளியே வருமாறு போட்டால் தலையில் குத்தாது. பாரத்தைத் தாங்குவது திருகாணியும் தகடும். பசையின் வேலை தகட்டை அசையாமல் வைப்பது மட்டும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தகடு வைத்த இடம் இனி வளையாது. ஆகவே தலையில் மாட்டும்போது பட்டியை விரிக்காமல், பின் குமிழை முழுவதும் தளர்த்திய பிறகே மாட்ட வேண்டும். இல்லையேல் தகட்டின் ஓரத்தில் அடுத்த வெடிப்பு வரும். குமிழின் உள்ளே பற்சட்டம் ஓடும் பகுதியில் வெடித்திருந்தால் இந்த முறை உதவாது, திருகாணி அந்த ஓட்டத்தைத் தடுத்துவிடும்.

பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகன உதிரிப்பாகங்களோடு புழங்குபவர்களுக்கு மற்றொரு முறை பழக்கம்: கார் பம்பர் வெடித்தால் சூடேற்றிய கம்பியை வெடிப்பின் குறுக்கே பிளாஸ்டிக்குள் அமிழ்த்தித் தைப்பார்கள். தடித்த பம்பருக்கு அது அழகான வேலை. இரண்டு மூன்று மில்லிமீற்றர் பட்டிக்கு அந்தச் சூடு அதிகம். மறுபக்கம் உருகி நெளிந்துவிடும். வீட்டில் சோல்டரிங் கோலால் இதைச் செய்யப் பார்ப்பவர்கள் எரிந்த பிளாஸ்டிக்கின் புகையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முப்பரிமாண அச்சில் புதிய பாகம் செய்வதைப் பற்றி இளைஞர்கள் ஆர்வமாகக் கேட்கிறார்கள். அந்த ஆர்வம் நியாயமானது. முதல் குவெஸ்ட்டில், வைவ் என்ற வேறொரு ஹெட்செட்டின் ஒலிப்பட்டியை (காதொலிப்பான் இணைந்த பட்டி) பொருத்துவதற்கு ஆர்வலர்கள் அச்சிட்ட இணைப்புத் துண்டுகளால் உலகெங்கும் பரவிய ‘பிராங்கன்குவெஸ்ட்’ அப்படிப் பிறந்ததுதான். கொழும்பிலும் அச்சிட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பாகத்தின் கணினிக் கோப்பை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தால் பெரும்பாலும் பிஎல்ஏ என்ற இழையில்தான் அச்சிட்டுத் தருவார்கள். அது 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் உருமாறிவிடும். பிஇடிஜி இழையில் கேளுங்கள். அது சுமார் 80 பாகை வரை தாங்கும், சற்று வளைந்தும் கொடுக்கும். அச்சின் அடுக்குகள் பட்டியின் நீளவாக்கில் ஓட வேண்டும் என்றும் சொல்லுங்கள். நிமிர்த்தி வைத்து அச்சிட்டால் அடுக்குகள் குறுக்கே வரும். முதல் இழுப்பில் அடுக்கோடு அடுக்குப் பிரிந்துவிடும். முழுப் பட்டியையும் அச்சிடுவதைவிட, உடைந்த இடத்தைக் கவ்விப் பிடிக்கும் சிறிய உறை ஒன்றை அச்சிட்டுத் திருகாணியோடு போடுவது நல்லது. தகடு வைக்க இடமில்லாத வளைவுகளில் இதுவே சிறந்த வழி.

இவை எதற்கும் நேரமோ மனமோ இல்லாதவர்களுக்கு என் பதில்: பெட்டியோடு வந்த துணிப் பட்டியைத் தேடி எடுத்து மாட்டுங்கள். பலர் கெட்டிப் பட்டி வாங்கியதும் அதை அலுமாரியில் போட்டு மறந்திருப்பார்கள். அதுவும் தொலைந்திருந்தால், பைகளுக்குப் பாவிக்கும் 25 மில்லிமீற்றர் நைலோன் நாடா, பொருத்தி எடுக்கும் இரண்டு பக்கிள், நெய்த இலாஸ்டிக் கொஞ்சம் இவற்றை வைத்துச் செருப்புத் தைப்பவரிடமே ஒரு பட்டி செய்விக்கலாம். பக்கவாட்டில் இரண்டு, உச்சந்தலை மேலாக ஒன்று. இலாஸ்டிக்கை பின்பக்கம் மட்டும் வையுங்கள். உச்சிப் பட்டி இழுபடாத நாடாவாக இருந்தால்தான் ஹெட்செட் மூக்கில் சரியாது. பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்று பிடரி எலும்புக்கு மேலும் மற்றது கீழும் வருமாறு தைத்தால் தலையை ஆட்டினாலும் நழுவாது. கெட்டிப் பட்டியின் சொகுசு இதில் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் விளையாடினால் கன்னத்தில் அழுத்தம் தெரியும். ஆனால் ஒட்டுப்போட்ட பிளாஸ்டிக்கைவிட இதன்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

புதிதாக வாங்கினால்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கேட்டுப் பார்க்கலாம். தராஸ் போன்ற இணையச் சந்தையிலும் வேறு தயாரிப்பாளர்களின் பட்டிகள் வருகின்றன. உங்கள் ஹெட்செட்டின் மாதிரிக்கு உரியதுதானா என்று பாருங்கள், குவெஸ்ட் 2 இன் பட்டி குவெஸ்ட் 3 இல் பொருந்தாது. இங்குள்ள ஹெட்செட்களில் பல, டுபாயிலிருந்தோ லண்டனிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்தவை. உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால், எதையும் துளைப்பதற்கு முன்னால் வாங்கித் தந்தவரிடம் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். வாங்கிய நாட்டிலேயே அவர் மாற்றிப் பெற முடியலாம். துளைத்த பட்டியை யாரும் மாற்றித் தரமாட்டார்கள். பற்றரி வைத்த பட்டியை அவர் விமானத்தில் கொண்டுவருவதென்றால் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பக் கூடாது. தினமும் மணிக்கணக்கில் பாவிப்பவருக்குப் புதிய பட்டி வாங்குவது வீண் செலவல்ல. வார இறுதியில் அரை மணி நேரம் விளையாடும் பிள்ளைக்காக வாரக்கணக்கில் பொதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

ஹெட்செட்டின் சொந்தக் கை

குவெஸ்ட் 2 போன்றவற்றில் பட்டி மாட்டும் கைகள் வெறும் பிளாஸ்டிக் அல்ல; ஒலிபெருக்கியின் ஒலி வெளிவருவது அவற்றின் வழியேதான். அங்கே துளைத்தால் எதைத் துளைக்கிறீர்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. எப்பொக்சி ஒலித்துளைக்குள் வழிந்தால் திரும்ப எடுக்க முடியாது. கைத்தொலைபேசிகளைப் பிரித்து வேலை செய்யும் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை, கையை நம்பாமல் ஹெட்செட்டின் உடலையே தாங்கிப் பிடிக்கும் பட்டியோடு, உட்கார்ந்து படம் பார்க்க மட்டும் பாவிக்கலாம்.

எந்த வழியில் திருத்தினாலும் நேரே தலையில் மாட்டாதீர்கள். பட்டியைத் தனியே கதவுக் கொளுவியில் தொங்கவிட்டு, ஒரு கிலோ சீனியும் அரைக் கிலோப் பருப்பும் போட்ட பையை இரவு முழுவதும் அதில் மாட்டி வையுங்கள். ஹெட்செட்டின் எடையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அது. காலையில் பையைக் கையால் பிடித்துச் சில தடவை வெடுக்கென்று கீழே இழுங்கள். தையல் துளைகள் நீண்டிருந்தாலோ, பிளாஸ்டிக்கில் வெளிறிய கோடு தெரிந்தாலோ, தகட்டின் ஓரம் எழும்பியிருந்தாலோ வேலையைத் திரும்பச் செய்யுங்கள். எதுவும் அசையவில்லையென்றால், பாய் விரித்து, அதன்மேல் உட்கார்ந்து விளையாடும் விளையாட்டு ஒன்றோடு தொடங்கலாம்.